வீண்விரயமும் கஞ்சத்தனமும்: ஓர் உணவக மேசையில் நான் கற்றவை



எங்கள் மத்ரஸாவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பெண்களுக்கென ஒரு வகுப்பு நடைபெறுகிறது. சென்ற ஆண்டு அவ்வகுப்பில் தொடர்ந்து நான்கு வாரங்கள் இஸ்ராஃப் என்னும் வீண்விரயத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்று அல்அஃராஃப் அத்தியாயம் அறிவுறுத்துவதை விளக்கினேன். திருமண விருந்துகளில் கொட்டப்படும் சோற்றைப் பற்றியும், பெருநாள் இரவுகளில் உணவகங்களின் முன் நிற்கும் கூட்டத்தைப் பற்றியும் சற்றுக் கடுமையாகவே பேசினேன்.

நான்காம் வாரம் பாடம் முடிந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த ஒரு பெண்மணி கேட்டார்: “உஸ்தாத், வீண்விரயத்தைப் பற்றி நாலு வாரம் சொல்லிட்டீங்க. கஞ்சத்தனத்தைப் பற்றி எப்ப சொல்லுவீங்க?”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். “அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். அந்தப் பாடம் என் வீட்டில் எனக்காகக் காத்திருந்தது என்பதை அப்போது நான் அறியவில்லை.

பதினேழு ஆண்டுகளின் அடுப்பு

எங்களுக்குத் திருமணமாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மகன், இரண்டு மகள்கள். இத்தனை ஆண்டுகளில் குடும்பத்தோடு உணவகத்தில் அமர்ந்து உண்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், “அது இஸ்ராஃப், வீட்டிலேயே நல்ல சாப்பாடு இருக்கிறதே” என்று சொல்லி முடித்துவிடுவேன். மத்ரஸா சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது பொருத்தமான பதில் என்றே எண்ணினேன். அதற்கு மார்க்கத்தின் ஆதாரமும் இருந்ததால் எவரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் துணைவியாருக்குக் காய்ச்சல் தணிந்து மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. வலது மணிக்கட்டில் நீண்ட நாட்களாக இருந்த வலியும் கூடியிருந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் இடது கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வகுப்பில் நடந்ததை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

“நான் ஆடம்பரமா எதுவும் கேக்கல மச்சான். மாசத்துல ஒரு வேளை இந்த அடுப்பை அணைச்சு வைக்கணும்னு கேக்குறேன். நீங்க மிச்சம் பிடிச்சதா நினைக்கிற காசு, என் கையிலிருந்து பிடிச்சது.”

அச்சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. ஏனெனில் அதற்குரிய சட்டத்தை நான் படித்திருந்தேன். பட்டயப் படிப்பின்போது ஃபிக்ஹுத் தேர்வில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் இருக்கிறேன். எங்கள் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில், சமைப்பது மனைவி மீது சட்டக் கடமையாக விதிக்கப்படவில்லை. மனைவிக்குத் தானியம் தருவதோடு கணவனின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அதை அரைப்பதற்கும் ரொட்டியாகச் சுடுவதற்கும் ஆகும் செலவும் அவனையே சாரும். ஊர் வழக்கத்தையொட்டி வீட்டு வேலை மனைவியின் கடமையே என்று கருதும் அறிஞர்களும் இருக்கின்றனர். எனினும், அவர்களுள் எவரும் அந்த உழைப்புக்கு மதிப்பே இல்லை என்று கூறவில்லை. வீட்டுச் சாப்பாடு மலிவானது என்று நான் போட்டுவந்த கணக்கில் அரிசி இருந்தது, எண்ணெய் இருந்தது, எரிவாயு இருந்தது. ஃபஜ்ருக்கு முன் எழும் ஒரு பெண்ணின் மணிக்கட்டு மட்டும் அதில் இல்லை.

அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் ரஹ்மானுடைய அடியார்களை வர்ணிக்கும்போது, அவர்கள் செலவு செய்கையில் வரம்பு மீறவும் மாட்டார்கள், கையை இறுக்கிக்கொள்ளவும் மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிலையாக இருப்பார்கள் என்ற கருத்தைத் தருகிறது. நான் நான்கு வாரங்களும் அவ்வசனத்தின் முதற்பாதியை மட்டுமே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

முதல் இரவு: மறுமுனைக்குச் சென்றேன்

குற்ற உணர்வோடு செலவு செய்பவன் அளவறிந்து செலவு செய்வதில்லை. அந்தச் சனிக்கிழமை இஷாவுக்குப் பின் குடும்பத்தை இராமநாதபுரத்தில் குளிரூட்டப்பட்ட ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன். “இன்றைக்கு யார் எது கேட்டாலும் வாங்கித் தருகிறேன்” என்று பெருமையாகச் சொன்னேன். எல்லோருக்கும் நல்ல பசி. மகன் மந்தி கேட்டான். மூத்தவள் கிரில் கோழி கேட்டாள். இளையவள் படத்தைப் பார்த்து எதையோ சுட்டிக் காட்டினாள். நான் என் பங்குக்குப் பிரியாணியும் பரோட்டாவும் சொன்னேன். ஐந்து பேருக்கும் குளிர்பானம், முடிவில் ஃபலூடா.

பில் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாயைத் தாண்டியது. அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. மந்தித் தட்டில் பாதிச் சோறு மிஞ்சியிருந்தது. இளையவள் கேட்ட உணவு அவளுக்குக் காரமாக இருந்ததால் தொடப்படாமலேயே கிடந்தது. மேசையைத் துடைக்க வந்த பையன் அனைத்தையும் ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் வழித்துக் கொட்டினான். நான்கு வாரங்கள் நான் யாரைப் பற்றியெல்லாம் பேசினேனோ, அவர்களுடைய வரிசையில் அன்று நானும் நின்றிருந்தேன்.

வீடு திரும்பும் வழியில் மகன் மெதுவாகக் கேட்டான்: “வாப்பா, அடுத்தது இனி எப்ப? அடுத்த வருஷமா?” கேலியாகக் கேட்கவில்லை. கணக்குப் பார்த்துத்தான் கேட்டான்.

நாங்கள் வகுத்துக்கொண்ட முறை

மறுநாள் என் துணைவியாரோடு அமர்ந்து பேசினேன். மாதம் ஒருமுறை வெளியில் உண்பது, அதற்கென 1,200 ரூபாய் ஒதுக்குவது, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கடன் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தோம். வாடகை, பால், பள்ளிக் கட்டணம், ஸதக்கா ஆகியவற்றை எடுத்து வைத்த பின்னர் இந்தத் தொகையை ஒரு துணிப்பையில் போட்டுவிடுவோம். ஏதேனும் ஒரு மாதம் மருத்துவச் செலவு வந்தால், பை அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கும். இந்த ஓராண்டில் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஒத்த வருமானமுள்ள குடும்பங்களுக்குப் பயன்படலாம்.

முதலாவது, கடும் பசியோடு புறப்படுவதில்லை. வீட்டிலேயே ஆளுக்கு இரண்டு பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொள்கிறோம். பசித்த கண் மெனு அட்டையைப் பார்த்தால் எல்லாமே வேண்டும் என்று தோன்றும். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலைத் திர்மிதியில் காண்கிறோம். அதைப் பணத்தைக் காக்கும் வழியாகவும் நான் கண்டது உணவகத்தில்தான்.

இரண்டாவது, இரவுக்குப் பதிலாக நண்பகலில் செல்கிறோம். மதிய நேரத்தில் சாதாரணப் பிரியாணிக் கடைகளில் சோறு அப்போதுதான் தம் இறக்கப்பட்டிருக்கும். விலையும் எங்களுக்கு எட்டும். பல கடைகளில் குளிரூட்டிய அறைக்கென்று தனி விலைப்பட்டியல் உண்டு. ஒரே அண்டாவின் சோறுதான் இரு அறைகளுக்கும் வருகிறது. எங்கள் ஊரிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் சென்றால் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனக்கும் மகனுக்கும் மட்டுமே பயணச்சீட்டு.

மூன்றாவது, தட்டுகளைத் தலைக்கு ஒன்றாகச் சொல்வதில்லை. ஒருவருடைய உணவு இருவருக்கும், இருவருடைய உணவு நால்வருக்கும் போதும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை முஸ்லிம் நூலில் ஓதியிருக்கிறோம். சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. கல்யாண வீட்டில் அதைச் செய்யும் நாம், உணவக மேசையில் ஏனோ மறந்துவிடுகிறோம். எங்கள் ஐவருக்கும் இரண்டு மட்டன் பிரியாணி, ஒரு குஸ்கா, ஒரு கோழி வறுவல், நான்கு பரோட்டா போதுமாக இருக்கின்றன. குஸ்கா என்பது அதே பிரியாணிச் சோறு, இறைச்சித் துண்டு மட்டும் இருக்காது. விலையோ பாதிக்கும் குறைவு. இரண்டு பிரியாணியின் இறைச்சியை ஐந்தாகப் பங்கிடும் பொறுப்பு மூத்த மகளுடையது. அவள் தன் பங்கைக் கடைசியாக எடுத்துக்கொள்வதைக் கண்டு நான் உள்ளுக்குள் மகிழ்வேன்.

நான்காவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரவழைப்பதில்லை. முதலில் சொன்னது முடிந்த பின்னரும் பசி இருந்தால், பிறகு கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான நாட்களில் இரண்டாம் முறை கேட்கும் தேவையே வருவதில்லை.

ஐந்தாவது, குளிர்பானம் வேண்டாம். உணவகங்கள் குடிநீரைக் கட்டணமின்றித் தருகின்றன. புட்டித் தண்ணீரைத் தாமாகவே கொண்டுவந்து வைத்தால், திறப்பதற்கு முன்பே “சாதாரணத் தண்ணீர் போதும்” என்று சொல்லிவிடுகிறோம். இனிப்புக்குப் பதிலாக, வெளியே வந்து பேருந்து நிலையத்துக்கு நடக்கும் வழியில் ஆளுக்கொரு பன்னீர் சோடா.

ஆறாவது, மிஞ்சியதை விட்டுவிட்டு வருவதில்லை. சிறிய தூக்கு ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்கிறோம். முதன்முறை அதை வெளியே எடுத்தபோது மகனுக்கு வெட்கமாக இருந்தது. கீழே விழுந்த கவளத்தையும் தூசு நீக்கி உண்ணுமாறும், உணவின் எப்பகுதியில் பரக்கத் இருக்கிறதென்பதை நாம் அறியோம் என்றும் கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நாம், தட்டிலேயே இருக்கும் சோற்றை எடுத்துச் செல்ல ஏன் கூச வேண்டும் என்று கேட்டேன். இப்போது தூக்கை அவனே எடுத்து வைக்கிறான். ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க. சோறும் இறைச்சியும் நெடுநேரம் வெளியில் இருந்தால் கெட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுபடி நன்றாகச் சூடாக்கியே உண்ண வேண்டும்.

ஏழாவது, சலுகை என்ற சொல்லுக்கு மயங்குவதில்லை. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், நமக்கு இரண்டே போதும் என்னும்போது அது இலாபமன்று. கைபேசிச் செயலிகள் வழியே வரவழைக்கும் உணவுக்கும் இதே விதிதான். பல சமயங்களில் கடை விலையைவிடச் செயலியின் விலை கூடுதலாக இருக்கிறது. அதன் மேல் பொதி கட்டணம், விநியோகக் கட்டணம், செயலிக் கட்டணம் என்று சேர்கின்றன. நடந்து சென்று பார்சல் வாங்கி வந்தால் அந்தப் பணம் நம்மிடமே இருக்கும்.

பில்லைப் படிக்கத் தெரிய வேண்டும்

கணக்குப் பார்ப்பது கண்ணியக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடுவதே குர்ஆனின் மிக நீண்ட வசனமாக இருக்கையில், பில்லைப் படிப்பதில் என்ன இழுக்கு?

2017 நவம்பர் முதல் பொதுவான உணவகங்களுக்கு, குளிரூட்டிய அறையாயினும் இல்லாவிடினும், ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான். பில்லில் அது மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என இரண்டாகப் பிரிந்து காணப்படும். மிக உயர்ந்த அறை வாடகை கொண்ட விடுதிகளின் உணவகங்களில் மட்டும் 18 விழுக்காடு வரலாம். காம்போசிஷன் என்னும் தொகுப்புத் திட்டத்தில் பதிவு செய்துள்ள சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டியைத் தனியாக வசூலிக்கவே கூடாது.

அடுத்தது, சர்வீஸ் சார்ஜ். இது அரசுக்குச் செல்லும் வரியன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, உணவகங்கள் இதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. அந்நெறிகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. சேர்த்திருந்தால் நீக்குமாறு பணிவாகக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நம் உரிமையைக் கேட்கும்போதும் குரல் உயர வேண்டியதில்லை. பரிமாறும் பையன் அந்த விதியை வகுத்தவன் அல்லன்.

அந்த 189 ரூபாய்

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியவை அனைத்தும் வெறும் சிக்கனக் குறிப்புகளாக நின்றுவிடும்.

ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ, வழக்கமான உணவைச் சொல்லி உண்டு முடித்தோம். பிரியாணி இரண்டுக்கு 480, குஸ்கா 100, வறுவல் 180, பரோட்டா 80. வரியோடு 882 ரூபாய் என்று என் மனக்கணக்கு தயாராக இருந்தது. பில் வந்தது. அதில் 693 என்றிருந்தது. வறுவல் விடுபட்டிருந்தது.

நான் அதை உடனே பார்த்துவிட்டேன். பார்த்த பின்னும் பேசாமல் இருந்தேன். சில நொடிகள்தாம் இருக்கும். அதற்குள் மனம் எத்தனை நியாயங்களை அடுக்கிவிட்டது! முன்பு ஒருமுறை இவர்கள் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், நாம் கவனித்திருக்க மாட்டோம். இது நாம் செய்த தவறன்றே. 189 ரூபாய் மிச்சமானால் அடுத்த மாதம் இளையவளுக்கு ஃபலூடா வாங்கித் தரலாம். ஷைத்தான் என்னிடம் ஆடம்பரத்தின் மொழியில் பேசவில்லை. சிக்கனத்தின் மொழியில் பேசினான். அதனால்தான் அவனை அடையாளம் காணச் சற்று நேரமாயிற்று.

அதற்குள் இளையவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். “வாப்பா, வறுவல் இதுல இல்லையே?”

எட்டு வயதுக் குழந்தை கேட்ட பின்னரே நான் கையை உயர்த்தினேன் என்பதை எழுத வெட்கப்படுகிறேன். பரிமாறிய இளைஞன் வந்தான். வடமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவன், தமிழ் அரைகுறை. விடுபட்டதைக் காட்டியதும் அவன் முகம் வெளுத்தது. பிறகு நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்: “நன்றி பாய். ராத்திரி கணக்கு பாக்கும். குறைஞ்சா என் சம்பளம் கட்.”

ஒருவர் பொருளை மற்றவர் முறையின்றி உண்பதைத் தடுக்கும் வசனத்தை எத்தனை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! அந்தக் கடையின் இறைச்சி ஹலாலானதா என்று முதல் நாளே விசாரித்திருந்தேன். அந்த இறைச்சிக்குரிய விலை அவ்விளைஞனின் கூலியிலிருந்து போயிருந்தால், அந்த வறுவல் எங்கள் வயிற்றில் என்னவாகியிருக்கும்?

அன்றுமுதல் துணிப்பையின் கணக்கில் ஒரு வரி கூடியது. பரிமாறுபவருக்கு 40 ரூபாய், அவருடைய கையிலேயே. அதற்காகப் பரோட்டாவில் ஒன்றைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தாலும் சரி.

ஞாயிறு வகுப்பில் சொன்னது

அந்தப் பெண்மணிக்கு நான் அடுத்த வாரமே பதில் சொல்வதாக வாக்களித்திருந்தேன். பல மாதங்கள் கழித்தே சொல்ல முடிந்தது. குடும்பத்துக்குச் செலவிடும் காசும் நற்கூலிக்குரியது என்பதையும், மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களிடம் கூறியதையும் விளக்கினேன். பிறகு என் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு சகோதரி மட்டும், “இதை ஆண்களுக்கான பயானிலும் சொல்லுங்க உஸ்தாத்” என்றார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மாதத்தில் ஒரு வேளை வெளியில் உண்பதால் எஞ்சிய எண்பத்தொன்பது வேளைகளின் சுமை நீங்கிவிடாது என்பதையும் உணர்கிறேன். நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வெங்காயம் நறுக்குவதும் இரவில் பாத்திரம் கழுவுவதும் இப்போது என்னுடையதும் மகனுடையதும். அதற்குச் செலவு ஏதுமில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

சென்ற மாதம் அதே பிரியாணிக் கடையில் அமர்ந்திருந்தோம். தட்டுகள் வந்தன. வழக்கப்படி எல்லோருக்கும் எடுத்து வைக்க என் துணைவியாரின் கை நீண்டது. மூத்தவள் அதைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சாப்பிடுங்கம்மா, நான் வைக்கிறேன்” என்றாள். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் கவளத்தை எடுத்தார். சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. வீட்டில் அவர் உட்காரும்போது சோறு எப்போதும் ஆறியே இருக்கும். அதை நான் அன்றுதான் கவனித்தேன்.

அல்லாஹ் நம் அனைவரையும் செலவில் நடுநிலை பேணுபவர்களாகவும், நம் வீட்டாரின் உழைப்பை உணர்ந்தவர்களாகவும், பிறர் கூலியில் கை வைக்காதவர்களாகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.